ஏழாம் தெருவின் பூச்சியம்

ஆகஸ்ட் 9, வெள்ளி

தகவல் உரிமை மனுப் போட்டு முப்பத்து நான்காம் நாள் ஆலடிப்பாறை ஊராட்சி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மூன்றே வரி. "தாங்கள் கோரும் ஆவணங்கள் பெருமளவிலானவை என்பதால் அலுவலக நேரத்தில் நேரில் வந்து பார்வையிடலாம்." வரமாட்டாள் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். திங்கட்கிழமை போகிறேன். ஜெராக்ஸ் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டேன்.

நான் கேட்டது குடிநீர்ப் பதிவேட்டை. மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள், எந்தத் தெருக் குழாயில் எந்த நாளில் எவ்வளவு குளோரின் இருந்தது, மூன்று வருடத்துக்கு. ஜூன் மாதம் எங்கள் தெருவில் பதினாறு பேர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். வரைபடத்தில் எங்கள் தெரு இந்திரா நகர். ஊரார் சொல்வது காலனி. தொட்டியிலிருந்து ஏழாவது, கடைசித் தெரு. ஊராட்சிச் செயலர் ஞானதுரை வந்து, தண்ணீரில் குறையே இல்லை, பதிவேடு இருக்கிறது என்று சொல்லி, கை கழுவுவது எப்படி என்று ஒரு துண்டுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குக் குடிக்கத் தண்ணீர்கூட நாங்கள் கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை அவர்.

பதிவேடு இருக்கிறது என்றால் காட்டட்டும். அது ஊரின் நோட்டு. ஊர் பார்க்கக் கூடாதென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அந்த நோட்டை எழுதுகிறவர் என் அப்பா. உச்சிமாகாளி, தொட்டி ஆபரேட்டர், இருபத்திரண்டு வருடமாக. வீட்டிலேயே கேட்டிருக்கலாமே என்பார்கள். கேட்டேன். "ஆபீஸ் நோட்டு ஆபீஸ்லதான் இருக்கும்" என்றார். அதோடு சரி.

ஜூனில் எங்கள் வீட்டில் யாரும் படுக்கவில்லை. நாங்கள் கொதிக்க வைத்துத்தான் குடிப்போம். அப்பாவின் உத்தரவு. அம்மா பீடி சுற்றுவதற்கு நடுவிலும் எழுந்துபோய் அந்தப் பானையை இறக்கி வைப்பாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஞானதுரைக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அப்பாவுக்கு ஐம்பத்தாறு. "ஏ உச்சி, அந்த மூணு நோட்டையும் எடுத்துப் போடு" என்றார் என் முன்னாலேயே. அப்பா எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வால்வு திறக்கப் போய்விட்டார்.

"ஏம்மா, ஒங்க அப்பா எழுதுன நோட்டத்தான கேக்க? சோத்துப் பானைய வீட்ல வச்சிக்கிட்டு ஓட்டல்ல வந்து நிக்கியே."

"வீட்ல கேட்டா எனக்கு மட்டும்தான சார் தெரியும்."

"பேச்சு நல்லா பேசுத. எந்தக் கட்சி?"

"ஏழாவது தெரு சார்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது. மூன்று நோட்டையும் பக்கம் பக்கமாக போனில் படமெடுத்தேன். முடிக்கும்போது மணி இரண்டு. நடுவில் இரண்டு முறை மின்விசிறியை நிறுத்தினார்கள். பக்கம் பறக்காமல் இருந்தது, நல்லதாகப் போயிற்று.

ஆகஸ்ட் 14, புதன்

கடைக் கணினியில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தேன். 1096 நாள், ஏழு தெரு, 7672 கட்டம்.

தொட்டி கழுவும் பக்கம்தான் தங்கம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். கடைசியாகக் கழுவியது போன வருடம் ஜூனில். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் வெறும் கோடு. ஞானதுரை மாட்டினார்.

குளோரின் பக்கத்தில் ஒன்றும் சிக்கவில்லை. குழாய் முனையில் 0.2 இருக்க வேண்டும், 0.2 இருக்கிறது. ஏழு தெருவிலும். மழை பெய்த நாளிலும், மோட்டார் எரிந்து இரண்டு நாள் தண்ணீரே வராத தீபாவளிக்கும். முதல் நோட்டின் தொடக்கத்தில் மட்டும் பதினொரு நாள் பூச்சியம் எழுதியிருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில் "இது என்ன? விளக்கம் தருக" என்று ஞானதுரையின் கையெழுத்து. பன்னிரண்டாம் நாளிலிருந்து 0.2. அப்போது சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மார்ச்சில் அப்பா கண் அறுவைச் சிகிச்சைக்கு மதுரையில் நான்கு நாள் இருந்தார். அந்த நான்கு நாளும் அவர் கையெழுத்திலேயே 0.2 இருக்கிறது. அவருக்குப் பதில் யார் போனார்கள் என்று கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கிராம சபை. பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, அதே இடத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். தொட்டி பதினான்கு மாதமாகக் கழுவவில்லை என்று படித்தேன். தலைவர் அம்மாள் தன் கணவரைப் பார்த்தார். கணவர் ஞானதுரையைப் பார்த்தார். ஞானதுரை "பரிசீலிக்கப்படும்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். கூட்டம் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. அதுதான் இங்கே வழக்கம். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே வரிசையில் நிறுத்தி வாங்குவார்கள். பிறகு அவர்கள் என்ன எழுதிக்கொண்டாலும் நாங்கள் சம்மதித்ததாகக் கணக்கு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பேசிப் பயனில்லை, எழுதிப் போடுவோம். காலையில் கருப்புப் பெயின்ட் டப்பாவோடு கிளம்பி ஏழு தெருவிலும் பொதுக்குழாய்ச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி கரும்பலகையாக அடித்தேன். காய்ந்ததும் சாக்கட்டியால் எழுதினேன்.

உங்கள் தண்ணீர். ஊராட்சிப் பதிவேட்டின்படி.
தொட்டி கழுவி 14 மாதம் ஆகிறது.
குளோரின் 0.2. குடிக்கலாம்.

நல்லதும் எழுத வேண்டும், கெட்டதும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அது நோட்டீஸ், தகவல் இல்லை.

எங்கள் தெருவில் எதிர்வீட்டு அன்னபாக்கியம் அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடியே படித்தாள். பக்கத்தில் அவள் மகள் கனிஷ்கா, ஒன்றாம் வகுப்பு, எழுத்துக்கூட்டி "பூச்சியம் புள்ளி ரெண்டு" என்றாள்.

"ஏட்டி கோமு, இது என்ன புதுசா? ஓட்டுக் கேக்கப் போறியா?"

"ஊராட்சி நோட்டுல இருக்கதுக்கா. எல்லாரும் பாக்கட்டும்னு."

"பதினாலு மாசமா தொட்டி கழுவலியா! சவத்துப் பயலுவ. அப்ப ஜூன்ல நாங்க கெடந்தது இதுனாலதானா?"

"அப்படித்தான் இருக்கும்."

"கீழ என்னமோ குடிக்கலாம்னு போட்டுருக்க. அப்ப தொட்டியக் கழுவிட்டா நான் கொதிக்க வைக்காண்டாமா? சிலிண்டரு பறந்துல்லா போவுது."

நோட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கழுவிவிட்டார்கள்! ஒன்பதே நாள். வடக்குத் தெரு ஆட்கள் இருபது பேர் பலகையை போனில் படமெடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். நான்கு ஆட்கள் இறங்கி, இரண்டு அங்குலச் சேற்றை வாளியில் அள்ளி வெளியே கொட்டினார்கள். செத்த ஓணான் ஒன்றும் வந்தது. ஞானதுரை தொட்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும். மூன்று வருடம் அவர்கள் பூட்டி வைத்த நோட்டு ஒரு சாக்கட்டியால் வெளியே வந்துவிட்டது.

எல்லாப் பலகையிலும் தொட்டி வரியை மாற்றினேன். "தொட்டி கழுவிய நாள்: ஆகஸ்ட் 29." குளோரின் வரி அப்படியே இருக்கிறது.

அப்பா மாலையில் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அந்தக் கடைசி வரி வேணுமாட்டி?" என்றார். நல்லதையும் எழுத வேண்டும்பா என்றேன். ஏதோ சொல்ல வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மார்ச் மாதம் பற்றி அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. கடையில் வேலை அதிகம்.

செப்டம்பர் 12, வியாழன்

கனிஷ்காவுக்கு நேற்றிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. காலையில் கண் செருகிவிட்டது. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். தெருவில் இன்னும் ஒன்பது பேர். தொட்டி கழுவி இரண்டு வாரம்தான் ஆகிறது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே விற்கிற ஐஸாக இருக்கலாம்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஐஸ் இல்லை. படுத்தவர்களில் நான்கு பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

செப்டம்பர் 14, சனி

அன்னபாக்கியம் அக்கா மருத்துவமனையிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்தாள். கனிஷ்காவுக்கு மூன்று நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லையாம், சிறுநீரகம் என்று டாக்டர் பயமுறுத்துகிறாராம். நான் குழாயடியில் நின்றேன். நேராக என்னிடம் வந்தாள். தெருவே பார்த்தது.

"குடிக்கலாம்னு எழுதுனியே. எவன் சொன்னான் ஒனக்கு?"

"நோட்டுல..."

"நோட்ட நான் பாக்கல்லட்டி. ஒன்னப் பாத்தேன். கொதிக்க வைக்காண்டாமானு ஒங்கிட்டதான் கேட்டேன். வேண்டாம்க்கா, இனிமே வேண்டாம்னு நீதான் சொன்ன. அன்னையோட நிப்பாட்டுனேன்."

குழாயை மூடினேன்.

"ஒங்க வீட்ல மட்டும் ஏன் கொதிக்க வச்சிக் குடிக்கிய? தொட்டிக்காரரு வீட்ல மட்டும்! அதையும் போர்டுல எழுதிருக்கலாம்லா?"

உண்மைதான். ஆகஸ்ட் 20ஆம் தேதிக் குறிப்பில் நான் எழுதியது சரியில்லை. "வேண்டாம்க்கா" என்றுதான் சொன்னேன். இந்த நோட்டிலேயே மாற்றி எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 16, திங்கள்

கிராமச் செவிலியர் ரெஜினா அக்காவிடம் போனேன். அவரிடம் சோதனைப் பெட்டி இருக்கிறது. சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து ஐந்து துளி மருந்து விட வேண்டும். குளோரின் இருந்தால் மஞ்சள் ஏறும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். ஐந்து நிமிட வேலை.

தொட்டிக்கு அடுத்த வடக்குத் தெருவில் இளமஞ்சள் வந்தது. போகப் போக வெளுத்தது. ஐந்தாவது தெருவில் இருக்கிறதா இல்லையா என்று வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் நிறமே மாறாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. ரெஜினா அக்கா இன்னும் ஐந்து துளி விட்டார். நின்றது.

"ஒண்ணுமில்ல கோமதி. சாக்கடைய ஒட்டித்தான ஒங்க லைன் வருது? எங்கயோ பைப் விட்டுருக்கு. சாக்கடை கலந்து குளோரின் பூரா அங்கயே செத்துருது."

பூச்சியம். புள்ளி இரண்டும் இல்லை, புள்ளி ஒன்றுகூட இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

மதியம் அப்பா சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"எப்பா, ஒரு நாளாவது குழாய்ல டெஸ்ட் பண்ணிருக்கியளா?"

கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மருந்து பாட்டில கடைசியா எப்பப் பாத்தேன்னு கேளு. நீ காலேஜ் சேந்த வருசம்."

"இல்லன்னு எழுத வேண்டியதுதான?"

"எழுதுனேன். பதினோரு நாளு எழுதுனேன். நீதான் படம் புடிச்சியே, பாக்கலியா? டெஸ்ட் பண்ண முடியலன்னு எழுதப் போனா அதுக்குக் கட்டமே கெடையாதுன்னாரு செயலரு. அதான் பூச்சியம் போட்டேன். தெனமும் காலைல பத்து மணிக்குள்ள அவுக போன்ல ஏத்தணும். பூச்சியம் போட்டா செவப்பா வரும். செவப்பு வந்தா மேலருந்து கேப்பாவ. அவரு என்னக் கேப்பாரு. பன்னெண்டாம் நாளு, நாளைலருந்து வேற ஆளப் பாத்துக்கிடுதேன்னு சொன்னாரு. அன்னைக்குப் புள்ளி ரெண்டு போட்டேன். அந்தானைக்குக் கை பழகிட்டு. போன்ல ஏத்த வாயாலயே ரெண்டுனு சொல்லிருவேன், நோட்டுல மாசக் கடைசில ஒரேயடியா உக்காந்து முப்பது நாளும் போட்டுருவேன்."

அம்மா பீடித் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அப்ப நம்ம வீட்ல மட்டும் எதுக்குக் கொதிக்க வைக்கச் சொன்னிய?"

தண்ணீர்ச் செம்பை மூடி வைத்தார். "எம் பிள்ள குடிக்கணும்லா."

"கனிஷ்கா?"

எழுந்து துண்டைத் தோளில் போட்டார். மணி நான்காகப் போகிறது, வால்வு திறக்க வேண்டும் என்று போய்விட்டார்.

பதினொரு பூச்சியத்தை நான் ஆகஸ்ட் 14ஆம் தேதியே பார்த்தேன். மதுரை நான்கு நாளையும் பார்த்தேன். பார்க்காதவள் இல்லை நான்.

செப்டம்பர் 18, புதன்

ஞானதுரை ஜெராக்ஸ் கடைக்கே வந்தார். ரெஜினா அக்கா சோதித்தது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆதார் நகல் ஒன்று எடுக்கச் சொல்லிவிட்டு, மெஷின் ஓடும்போது மெதுவாகப் பேசினார்.

"பாப்பா, நீ படிச்ச பிள்ள. போர்டுல பூச்சியம்னு எழுதுனா என்னாவும்? நோட்டு பொய்னு ஆவும். நோட்டு பொய்னா எழுதுனவன் மேல நடவடிக்கை. கை யாரு கை? எனக்கு என்ன, எனக்கு வந்தத நான் போன்ல ஏத்துனேன்."

"மருந்து ஏன் சார் வாங்கித் தரல்ல?"

"எழுதிப் போட்டுருக்கு, வரல்ல. இப்ப மறுபடி எழுதுதேன். பைப்பையும் பாப்போம். நீ அந்தப் போர்ட மட்டும் அழிச்சிரு. ஒங்க அப்பாவுக்கு இன்னும் நாலு வருசம் கெடக்கு. நிம்மதியா ஓட்டட்டும். நல்ல மனுசன்."

நல்ல மனுசனாம். நேற்றுவரை "ஏ உச்சி".

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதைத்தான் சொன்னேன்.

வீட்டில் அம்மா: "ஒனக்கு ஊரு பெருசு. எனக்கு அந்த மனுசன் பெருசு. வெளக்குமாத்தால அடிச்ச மாதிரி வெளிய அனுப்புவானுவ. இருபத்திரெண்டு வருசம்டி. ஒரு நாளு தண்ணி வரல்லன்னு ஆளு ஏசிருக்காவளா?"

"தண்ணி வந்துச்சிம்மா. அதான் பிரச்சினையே."

"நாக்கு ஒனக்கு."

செப்டம்பர் 19, வியாழன்

கனிஷ்காவுக்குச் சிறுநீர் இறங்கியதாம். பிழைத்துக்கொண்டாள் என்றாராம் டாக்டர்.

நாளைக்கு அப்பாவுக்கு வேலை போகும், அல்லது நாளை மறுநாள் இன்னொரு கனிஷ்கா. இதற்கு யோசிக்க ஒரு நாள் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "இன்னைக்குப் போர்ட மாத்தப் போறேன்பா." அவர் சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றை விட்டு ஒன்றில் மாட்டினார்.

ஏழு பலகையையும் துடைத்தேன். எங்கள் தெருவில் எழுதியது:

ஆகஸ்ட் 20 முதல் இந்தப் பலகையில் "குடிக்கலாம்" என்று எழுதியிருந்தது பொய். சோதிக்காமல் எழுதியவள் சங்கரகோமதி.
செப்டம்பர் 16 அன்று சோதித்தது: குளோரின் 0. கொதிக்க வைத்துக் குடிக்கவும்.

அப்பா பெயரை எழுதவில்லை. பதிவேடு என்றும் எழுதவில்லை. இது கோழைத்தனமா என்று இந்த நோட்டே சொல்லட்டும்.

சாயந்தரம் அன்னபாக்கியம் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கனிஷ்காவின் கால் இரண்டும் குச்சி. அக்கா பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"பேரு போட்டுருக்கியா?"

"ம்."

"போட வேண்டியதுதான்." பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "அந்த மருந்து எங்க?"

ரெஜினா அக்கா தந்த பாட்டிலைக் காட்டினேன். எனக்குத் தெரியாது, நீ கேட்கவுமில்லை என்று சொல்லித்தான் தந்தார்.

"நாளைக்குக் காலைல தண்ணி வரும்போது கொண்டா. எப்படி விடணும்னு காட்டு. இனி ஒன் எழுத்த நான் நம்ப மாட்டேன். நானே விட்டு நானே பாக்கேன்."

செப்டம்பர் 21, சனி

முதல் தடவை பதினைந்து துளி விட்டுவிட்டாள். இரண்டாம் தடவை சரியாக ஐந்து. குழலை வெள்ளைத் துணிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தாள். சாக்கட்டியை என்னிடமிருந்து வாங்கிப் பெரிய வட்டமாக 0 போட்டாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். எனக்குப் பின்னால் யாரோ "இன்னும் கொஞ்சம் உருண்டையாப் போடு, தோசை மாரி" என்றார்கள். ஜூனுக்குப் பிறகு குழாயடியில் இன்றுதான் சிரிப்புச் சத்தம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வடக்குத் தெருவுக்கு மருந்தோடு போனோம். "எங்க தண்ணி நல்லாத்தான இருக்கு. ஒங்க காலனிக்கு நீங்க எழுதிக்கோங்க" என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஆகஸ்டில் என் பலகையைப் படமெடுத்துக்கொண்டு போனவர்களில் அவளும் ஒருத்தி.

செப்டம்பர் 27, வெள்ளி

குளோரினுக்காகத் தொட்டியில் கலக்கும் பிளீச்சிங் பவுடர் மூட்டை தீர்ந்துவிட்டது. இனி வந்தால்தான் உண்டு. இன்று வடக்குத் தெருவிலும் பூச்சியம். கதவைச் சாத்தியவள் குழலை என் கையிலிருந்து பிடுங்கித் தானே விட்டுப் பார்த்தாள். பிறகு எப்போது கிராம சபை என்று கேட்டாள். புதன்கிழமை என்றேன்.

அப்பா பதினேழாம் தேதியிலிருந்து என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 2, புதன்

கிராம சபை. விரிவாக எழுத வேண்டிய நாள்.

பத்தரைக்குப் பெண்களை வரிசையில் நிறுத்தி, கையெழுத்துப் புத்தகத்தை நீட்டினார்கள். முதல் ஆள் அன்னபாக்கியம் அக்கா. பேனாவை வாங்கவில்லை.

"கூட்டம் முடியட்டும். நீங்க என்ன எழுதுதியன்னு பாத்துட்டுப் போடுதோம்."

"முதல்லதாம்மா போடணும். அதான் முறை."

"யாரு வச்ச முறை?"

பின்னால் வடக்குத் தெருக்காரி: "நாங்களும் போடல்ல." அப்படியே வரிசை முழுவதும். கையெழுத்து எண்ணிக்கை சேராவிட்டால் கூட்டமே செல்லாது. ஞானதுரைக்கு அது எங்களைவிட நன்றாகத் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கினார்.

குடிநீர் என்ற இடம் வந்ததும், "பதிவேட்டின்படி அனைத்துத் தெருக்களிலும் குளோரின் 0.2 உள்ளது" என்று படித்தார். நான் எழுந்து பதினொரு நாள் சோதனையைப் படித்தேன். எந்தத் தெரு, எந்தத் தேதி, யார் சோதித்தது. அந்தந்தத் தெருப் பெண்கள் எழுந்து, ஆமாம், நான்தான் விட்டேன், இவ்வளவுதான் வந்தது என்றார்கள். தலைவர் அம்மாள் முதல் முறையாகக் கணவரைப் பார்க்காமல் நேரே ஞானதுரையிடம், "அப்ப நீங்க படிச்சது என்னது?" என்று கேட்டார்.

ஞானதுரை பதிவேட்டை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"நான் எழுதல்லம்மா. இதுல கையெழுத்து ஆபரேட்டர் உச்சிமாகாளியோடது. இந்தப் பிள்ளையோட அப்பா. மக நோட்டு பொய்ங்கா. அப்பா எழுதிருக்காரு. குடும்பத்துலயே முடிவு பண்ணிட்டு வாங்க."

சிலர் சிரித்தார்கள். அப்பா பள்ளிக்கூட மோட்டார் அறை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. பொத்தான் சரியாகத்தான் போட்டிருந்தார்.

"நான்தான் எழுதுனேன்" என்றார். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாத குரல். "மூணு வருசம். டெஸ்ட் பண்ணாம எழுதுனேன். எங்க தெருவுக்கும் சேத்து எழுதுனேன். அந்தப் பிள்ள ஆஸ்பத்திரில கெடந்ததுக்கு நானும்தான் பொறுப்பு. அத எழுதிக்கிடுங்க." பிறகு மேசையருகே வந்தார். "ஆனா மொத நோட்டு, மொத பக்கம், அதையும் எடுத்துப் படிங்க. பதினோரு நாளு பூச்சியம் போட்டுருக்கேன். பக்கத்துல செவப்பு மையில எழுதுனது ஆரு கை? அதையும் எழுதிக்கிடுங்க."

ஞானதுரை அந்த நோட்டு அலுவலகத்தில் இருக்கிறது என்றார். என் போனில் இருக்கிறது என்றேன். அன்னபாக்கியம் அக்கா போனை வாங்கித் தலைவர் அம்மாளின் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார்.

தீர்மானம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. "பரிசீலிக்கப்படும்" என்று எழுதியதைப் பெண்கள் வரிசையாக நின்று அடித்துத் திருத்த வைத்தார்கள். கடைசியில் எழுதியது இது: ஏழு தெருவிலும் குளோரின் இல்லை. பதிவேடு பொய். செயலருக்கும் ஆபரேட்டருக்கும் பொறுப்பு உண்டு. இந்திரா நகர்க் குழாயைச் சாக்கடையை விட்டு விலக்கிப் புதிதாகப் பதிக்க வேண்டும். தெருப் பெண்கள் தினமும் சோதித்துப் பொதுவில் எழுத வேண்டும். அதற்கு மருந்தை ஊராட்சி தர வேண்டும்.

அதற்குப் பிறகுதான் நூற்றுப் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். நான் எட்டிப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 5, சனி

அப்பாவை வேலையிலிருந்து நீக்கி ஆணை. ஞானதுரைக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம், அவ்வளவுதான். இப்படித்தான் நடக்கும் என்று தெரியும். தெரிந்தும் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அம்மா நெளிந்த தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். அவள் ஏசியிருந்தால் தேவலை.

அப்பா சாவியை ஒப்படைத்துவிட்டு வந்து, இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக மதியம் நான்கு மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

சோதனை மருந்து ஏழு பாட்டிலும் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடரும் வந்தன. குழாய்க்குப் பள்ளம் தோண்ட அளந்துவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் 10, வியாழன்

அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். ஊராட்சிக்குச் சொந்தமான சுவர்களில் அனுமதியின்றி எழுதுவது குற்றம், உடனே அழிக்க வேண்டும். அவர்களே ஆள் விட்டு ஏழு பலகைக்கும் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். தீர்மானத்தில் "பொதுவில்" என்றுதான் இருக்கிறதாம், "சுவரில்" என்று இல்லையாம்.

அக்டோபர் 11, வெள்ளி

காலையில் தண்ணீர் வந்ததும் அன்னபாக்கியம் அக்கா துளி விட்டுப் பார்த்தாள். பூச்சியம். வெள்ளையடித்த சுவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் வீட்டுக்குப் போய், வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் 0 என்று எழுதினாள்.

"ஊராச்சிச் செவத்துலதான எழுதக் கூடாது? இது எஞ் செவரு. வெள்ளையடிக்க வாரவன் எங்கிட்டக் கேட்டுட்டு அடிக்கட்டும்."

அடுத்த வீட்டிலும் எழுதினார்கள். அதற்கடுத்த வீட்டிலும். கரியால், செங்கல்லால், கையில் கிடைத்ததைக் கொண்டு. ஒன்பது மணிக்குள் எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீட்டில் பூச்சியம். வடக்குத் தெருவில் 0.1 ஓடுவதாக போனில் படம் அனுப்பினார்கள். அங்கேயும் வீட்டுச் சுவர்கள்தான்.

எங்கள் வீடு மட்டும் பாக்கி. சாக்கட்டியோடு வாசலில் நின்றேன். எழுதவில்லை. உள்ளே அவர் இருக்கிறார். வேலை போன மனிதர் வெளியே வரும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். சுவரின் ஓரத்தில், கதவு திறந்தால் மறைகிற இடத்தில் சின்னதாக எழுதலாமா என்று கை போயிற்று.

"அங்க எழுதுனா எவனுக்குட்டி தெரியும்?"

அப்பா. இருபத்து நான்கு நாளுக்குப் பிறகு. கதவை முழுக்கத் திறந்து மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல எழுது. பெருசா எழுது. ரோட்டுல போறவனுக்குத் தெரியாண்டாமா?"